சுருட்டுச் சாமியிடம் கொடுத்த புகார்

பிளெய்ன்ஸ்பரோ, நியூ ஜெர்சி
12 ஜனவரி 2025

அன்பு மருமகள் ஜெபினாவுக்கு,

பிளெய்ன்ஸ்பரோ மூன்றாம் மாடியின் ஏகபோகச் சக்கரவர்த்தியும், நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் தாங்கிய இரும்பு மனிதனும், உன் ஒரே தாய்மாமனுமாகிய மரிய அந்தோணி எழுதுவது. இங்கே நான் நலம். குளிர்தான் நலமில்லை. நேற்று பால்கனியில் நின்று தும்மினேன். தும்மல் உறைந்து கீழே விழுந்து உடைந்தது. குபெர்டினோவில் நீயும், உன்னைக் கட்டிக்கொள்ளத் துணிந்த அந்த மாவீரன் இவானும் சுகமா?

அக்டோபர் பதினொன்றில் கல்யாணம், டெக்சஸில், கேட்டி ஊரில், உன் அப்பா வீட்டுப் பக்கத்துச் சர்ச்சில் என்று எழுதியிருக்கிறாய். மாமன் மாலையை நான்தான் போட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு நான் குதித்த குதியில் கீழ்வீட்டு ஸ்ரீநிவாசன் மேலே ஓடிவந்து, "சார், பூகம்பமா?" என்று கேட்டார்.

ஆனால் ஒரு சிக்கல். அந்தக் கல்யாணத்தில் உன் அப்பன் ஜாக்சனும் இருப்பான்.

மூன்று வருஷமாக நான் அவனோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது ஒரு தவம்; அதில் நான் மகரிஷி. காரணம் உனக்குத் தெரியும். உன் பட்டமளிப்பு விருந்தில் என்னை எங்கே உட்கார வைத்தான்? பத்தொன்பதாம் மேஜை! சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில்! கதவு திறந்த போதெல்லாம் என் நாற்காலியில் இடித்தது. நானூற்றுப் பன்னிரண்டு முறை. என் முதுகெலும்பு இன்றைக்கும் அந்தக் கதவின் வடிவத்தில்தான் இருக்கிறது.

அதற்கு முன்னால் அவன் செய்த ஒன்று இருக்கிறது. அதை நான் எழுதப் போவதில்லை.

அவனைப் பழிவாங்காமல் அந்த மண்டபத்தில் ஒரு வாய் பிரியாணி தொடமாட்டேன். மண்டபத்துக்கே வரமாட்டேன். ஆகவே அக்டோபருக்குள் காரியத்தை முடித்தாக வேண்டும். முழுசாக ஒன்பது மாதம் இருக்கிறது. ஒன்பது மாதத்தில் ஒரு பிள்ளையே பிறந்துவிடுகிறது, ஒரு பழி பிறக்காதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
சூளுரைத்த உன் மாமன்,
மரிய அந்தோணி

*

குபெர்டினோ
26 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெபினா எழுதறேன். நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். கார்டியாலஜிஸ்ட்டைப் பாத்தீங்களா? ஊறுகாய் பாட்டிலை ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். தூக்கிப் போடுங்க.

ஒன்பது வயசுல இருந்து வாரம் ஒரு லெட்டர் எழுதச் சொல்லி, சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பினீங்களே, அதனாலதான் இன்னைக்கு இதை எழுத முடியுது. கேட்டியில என்கூட வளர்ந்த ஒருத்திக்கும் தமிழ்ல தன் பேர் எழுதத் தெரியாது. இவானுக்கு இதைப் பாத்து ஆச்சரியம். "யூ கைஸ் ஆக்சுவலா ஸ்டாம்ப் ஒட்டறீங்களா?"ன்னு கேக்கறார்.

மாமா, எனக்கு டெக்கரேஷன் வேண்டாம், டிஜே வேண்டாம். அம்மா இல்லாத கல்யாணம் இது. அம்மா வீட்டுப் பக்கம்னு எனக்கு நீங்க ஒருத்தர்தான். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் நீங்க. அந்த ஒரு போட்டோ போதும்.

மேஜை விஷயத்துக்குப் போய் மூணு வருஷம் யாராவது பேசாம இருப்பாங்களா? அந்த இன்னொரு விஷயம்தான்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு அப்பா எதுவும்...

சரி, விடுங்க. டேப்லெட்டை மறக்காதீங்க.

உங்க ஜெபி

*

பிளெய்ன்ஸ்பரோ
9 பிப்ரவரி 2025

மணப்பெண் ஜெபினாவுக்கு,

பனிப்புயலில் மூக்கைப் பறிகொடுத்தும் மீசையைக் காப்பாற்றிக்கொண்ட மாமன் எழுதுவது. சுகம். ஊறுகாயைத் தூக்கிப் போட்டுவிட்டேன், வாய்க்குள். நீங்கள் இருவரும் சுகம்தானே?

பழி விஷயத்தில் மாபெரும் முன்னேற்றம்.

எங்கள் அபார்ட்மென்டில் பனி அள்ளுகிற தியேகோ என்பவர் குவாத்தமாலாக்காரர். மாயன் இனம். மலைக்கு நடுவே ஏரிக்கரையில் அவர் கிராமம். வீட்டில் ஸ்பானிஷ்கூடப் பேசமாட்டார்கள், அதற்கும் முந்தைய சொந்த மொழிதான். அவரைப் பாடாய்ப் படுத்திய ஒரு மேஸ்திரி இருந்தானாம். தியேகோ ஊருக்குப் போன் போட்டு, அங்கே ஒரு சாமியிடம் புகார் வைக்கச் சொன்னாராம். ஒரே வாரத்தில் மேஸ்திரிக்கு இடுப்பைச் சுற்றி அக்கி!

"எப்படிப்பட்ட சாமி?" என்று கேட்டேன். மரத்தில் செய்த சாமி. தலையில் தொப்பி, கழுத்தில் முப்பது நாற்பது துணி, வாயில் சுருட்டு. சாராயம் பிடிக்கும். அவருக்கென்று கோயில் கிடையாது. வருஷத்துக்கு ஒரு வீட்டில் குடியிருப்பார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஜெபினா, இது நம்ம சுடலைமாடன்! எவனோ கோட் தைத்துக் கொடுத்து, விசா வாங்கிக் கொடுத்து, கப்பலேற்றி அனுப்பியிருக்கிறான்! நான் தினம் ஜெபமாலை சொல்கிற கத்தோலிக்கன்தான். ஆனால் அந்தோணியாரிடம் மூன்று வருஷமாகப் புகார் கொடுத்தும் ஃபைல் நகரவில்லை. அவர் தொலைந்த சாவி தேடுவதிலேயே பிஸி. வேறு ஆபீசில் மனுப் போடுவதில் தப்பில்லை. பாவசங்கீர்த்தனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் புகாரையும் போனில் வைக்க முடியுமா என்றேன். ஊர்க்காரர்களுக்கு மட்டும்தானாம் போன். அந்நியன் என்றால் நேரில் வர வேண்டும். தனியாகவே போகிறேன். பழிவாங்கப் போகிறவன் குரூப் டூரில் போக முடியாது, பஸ்ஸில் பாட்டுக்குப் பாட்டு வைப்பார்கள்.

மார்ச் பன்னிரண்டு, நூவர்க்கிலிருந்து விமானம். வாழ்த்தி அனுப்பு.

வேட்டைக்குப் புறப்படும்,
மாமன்

*

குபெர்டினோ
20 பிப்ரவரி 2025

மாமா,

நல்லா இருக்கேன். நீங்க நல்லா இல்லைன்னு நினைக்கறேன். அறுபத்தேழு வயசுல, ரெண்டு ஸ்டென்டோட, தனியா மலை ஏறி எங்கப்பாவுக்குச் செய்வினை வைக்கப் போறீங்களா? சீரியஸா?

ப்ளீஸ், போகாதீங்க. உடம்புக்காக மட்டும் சொல்லலை. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு தடவை எழுதி மூணு தடவை கிழிச்சுட்டேன். நேர்ல சொல்றேன், அதுவரைக்கும் பொறுங்க.

போயே தீருவேன்னா இன்ஷூரன்ஸ் எடுங்க. தண்ணி பாட்டில்ல வாங்கிக் குடிங்க.

ஜெபி

*

ஏரிக்கரைக் கிராமம், குவாத்தமாலா
16 மார்ச் 2025

என் செல்ல மருமகளுக்கு,

மலைகளை மிதித்து, மேகங்களை விலக்கி, எரிமலை மூன்றைச் சாட்சியாக வைத்து உன் மாமன் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். இங்கே வந்த வேன் போட்ட வளைவுகளில் என் மேல்வரிசைப் பல் கீழ்வரிசைக்குக் குடிபோய்விட்டது, மற்றபடி சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்?

வேனிலிருந்து படகு. அதில் வந்தவர்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக, முதுகுப்பையும் கேமராவுமாக. தனிக்கட்டை நான் ஒருவன்தான். படகுத்துறையில் தியேகோவின் அக்கா பாஸ்குவாலா காத்திருந்தார். பதினோரு வருஷம் எங்கள் நியூ ஜெர்சி ட்ரென்டனில் ஆபீஸ் துடைத்தவர், நம்மைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுகிறார். கழுத்தைச் சுற்றிப் பறவைகளாகப் பூவேலை செய்த ரவிக்கை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தனியா வந்திருக்கீங்க. யாரு செத்தது?"

"யாருமில்லையே! ஏன் கேக்கறீங்க?"

"இங்க தனியா வர்றவங்க ரெண்டு வகை. ஒண்ணு, போட்டோ எடுக்க வர்றவங்க. உங்ககிட்ட கேமரா இல்ல."

நான் பேச்சை மாற்றி ஏரியைப் புகழ ஆரம்பித்தேன். "இது எங்க ஊர்ச் சமுத்திரத்தைவிடப் பெரிசு!" என்றேன். "இல்ல," என்றார். ஊருக்குள் நடந்தோம். வீட்டுக்கு வீடு சோள ரொட்டி தட்டும் சத்தம். சந்தையில் மிளகாய் வற்றலை நம் கருவாடு போலக் குவித்துப் போட்டிருந்தார்கள். ஒரு கிழவர் என் மீசையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார். என்ன என்று கேட்டேன். பாஸ்குவாலா மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

சாமி இந்த வருஷம் இருப்பது ஒரு தச்சர் வீட்டு முன்னறையில். கூரையெங்கும் கலர்த் தாள் தோரணம், தரையில் பைன் ஊசியிலை. நடுவில் அவர்! தொப்பி மேல் தொப்பி, துணி மேல் துணி, வாயில் சுருட்டு. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தச்சர் நம்ம ஊர்க் கந்தசாமிக் கொத்தனார் ஜாடையில் இருந்தார். சாமியின் சுருட்டுச் சாம்பலைத் தட்டிவிடுவதும், நடுவில் தன் வாட்ஸ்அப்பைப் பார்ப்பதும் அவர் வேலை.

கொண்டுபோன சுருட்டையும் பாட்டிலையும் வைத்தேன். மண்டியிட்டேன். ஆரம்பித்தேன்.

"சாமி! ஜாக்சன் என்று ஒரு ராட்சசன். பத்தாயிரம் பேர் கூடிய சபையில் என்னை..."

பாஸ்குவாலா மொழிபெயர்த்தார். தச்சர் எழுந்து சாமி வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"என்னாச்சு?"

"பெருசு பண்ணிச் சொன்னா சாமி புகைக்கமாட்டார். புகார் திரும்பிச் சொன்னவன் மேலேயே வந்துரும். நடந்த அளவுக்குச் சொல்லு," என்றார் தச்சர்.

மறுபடி ஆரம்பித்தேன். பத்தாயிரத்தை நானூறாகக் குறைத்தேன். சுருட்டு சாமி வாய்க்குப் போனது, மறுபடி வெளியே வந்தது. மேஜை, கதவு, முதுகெலும்பு, எதற்கும் அந்த மனுஷர் மசியவில்லை. கடைசியில், "இவ்வளவு தூரம் வந்தது மேஜைக்கா?" என்று கேட்டார்.

ஜெபினா, அப்போது சொன்னேன். உனக்கு எழுதமாட்டேன் என்றதை எழுதுகிறேன். அங்கே சொன்ன அளவுக்கே.

"2022, மே பதினெட்டு. என் தங்கை ஜோவானாவுக்கு அடக்கம். அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன் கையால் போர்த்திய பிறகுதான் பெட்டியை மூடுவது எங்கள் வழக்கம். சேலையோடு விமானம் ஏறினேன். புயல். சான் அன்டோனியோவில் இறக்கிவிட்டார்கள். கார் எடுத்து ஓட்டினேன். இரண்டே முக்காலுக்குச் சர்ச் வாசலுக்குப் போனேன். அவள் புருஷன் வெளியே வந்தான். நேரமாயிடுச்சு மச்சான், மூடிட்டோம் என்றான். சேலை என் கையில் இருந்தது."

தச்சர் சுருட்டை எடுத்துச் சாமி வாயில் வைத்தார். புகை நேராக மேலே போனது.

"பேர் சொல்லாதே," என்றார். "பேர்ல தப்பு வரும். செஞ்சதைச் சொல்லு. செஞ்சவங்க யாருன்னு அவர் தேடிக்குவார்."

கறுப்பு மெழுகுவர்த்தி ஏற்றினேன். கேட்டேன்: "பெட்டியை மூடச் சொன்னது யாரோ, அவர் தன் பெரிய நாளில் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாரும் வந்திருக்க வேண்டும். வர வேண்டிய ஒருவர் மட்டும் வரக் கூடாது."

எப்படி என் சாபம்? உன் அப்பனுக்குப் பெரிய நாள் உன் கல்யாணம்தானே! வராமல் போவது அநேகமாகப் பிரியாணிக்காரராக இருக்கும். பயல் வாசலில் தவியாய்த் தவிக்கட்டும்.

என் பையைக் காட்டி, "அந்தத் துணியைச் சாமிக்குப் போடறியா?" என்று தச்சர் கேட்டார். பையில் சேலை இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ! கொடுக்கவில்லை.

வெற்றி முழக்கத்துடன்,
மாமன்

*

பிளெய்ன்ஸ்பரோ
20 ஏப்ரல் 2025

ஜெபினாவுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. என் தபால்பெட்டியில் சிலந்தி வலை கட்டி, கல்யாணம் முடித்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டது.

அப்பனுக்குச் சாபம் போட்டதில் கோபமா? பிரியாணிக்காரர் வராவிட்டால் என்ன, பீட்சா ஆர்டர் பண்ணிக்கொள்ளலாம். அவ்வளவு பெரிய சாபம் ஒன்றும் இல்லையே.

சுகமாகத்தானே இருக்கிறாய்? ஒரு வரி போடு.

மாமன்

*

குபெர்டினோ
4 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்பு நல்லாத்தான் இருக்கு. கோபம் இல்ல. உங்க லெட்டரை அஞ்சு வாரமா ஹேண்ட்பேக்லயே வச்சுக்கிட்டு ஆபீஸ் போயிட்டு வர்றேன்.

மாமா, பெட்டியை மூடச் சொன்னது அப்பா இல்ல. நான்.

கடைசி மாசம் அம்மா முகம் அம்மா முகமாவே இல்ல. உங்ககிட்ட போன்ல மட்டும்தான் பேசுவாங்க, வீடியோ போட விடமாட்டாங்க, ஞாபகம் இருக்கா? ஒரு நாள் நான் தலை சீவி விடும்போது சொன்னாங்க: "நான் போனப்புறம் அண்ணன் வர்றதுக்குள்ள மூடிரு. அவன் பாத்தான்னா சொல்லாம இருக்கமாட்டான். சொல்லச் சொல்லப் பெருசாகும். ஊர்ல எல்லாருக்கும் நான் இந்த மூஞ்சியாவே நின்னு போயிருவேன். அவன்கிட்ட என் பழைய மூஞ்சி இருக்கு, அது போதும் அவனுக்கு."

சான் அன்டோனியோவில இருந்து, "வந்துக்கிட்டே இருக்கேன், நிறுத்தி வை"ன்னு நீங்க மெசேஜ் போட்டீங்க. அப்பா ஃபாதர்கிட்ட போய், "சாயங்காலம் ஆனாலும் மச்சான் வரட்டும்"னு கெஞ்சிக்கிட்டு இருந்தார். நான்தான் ஃப்யூனரல் ஹோம்காரரைக் கூப்பிட்டு மூடச் சொன்னேன். அப்பா ஓடி வந்தார். அம்மா சொன்னதை அப்பதான் அவர்கிட்ட சொன்னேன். உங்க கார் சத்தம் கேட்டதும் என்னை உள்ள தள்ளிட்டு அவர் வாசலுக்கு வந்தார்.

அப்புறம் நான் உங்ககிட்ட சொல்லப் போனப்ப அப்பா விடலை. "உன் மாமனுக்குத் திட்ட ஒரு ஆள் வேணும். அது நானா இருந்துட்டுப் போறேன். உன்கூடச் சண்டை போட்டுட்டா அவன் யாருக்கு லெட்டர் எழுதுவான்?"னார்.

அந்தச் சாமிகிட்ட நீங்க பேர் சொல்லலை. மூடச் சொன்னவங்கன்னு சொன்னீங்க. அது நான். என் பெரிய நாள் அக்டோபர் பதினொண்ணு. வாசலைப் பாத்துக்கிட்டு நிக்கப் போறது நான். வர வேண்டிய ஒருத்தர் பிரியாணிக்காரர் இல்ல மாமா.

நீங்க என்ன முடிவு பண்ணினாலும் சரி.

ஜெபினா

*

குபெர்டினோ
22 ஜூன் 2025

மாமாவுக்கு,

சௌக்கியமா? நீங்க போன் எடுக்கலை. கீழ்வீட்டு ஸ்ரீநிவாசன் அங்கிளுக்குப் போன் பண்ணினேன். தினம் வாக்கிங் போறீங்க, யார்கிட்டயும் பேசறதில்லைன்னார். ஊறுகாய் பாட்டில்கூட அவர்கிட்ட கொடுத்துட்டீங்களாம். அதைக் கேட்டுத்தான் எனக்கு ரொம்ப பயமாப் போச்சு.

இன்விடேஷன் இதோட வச்சிருக்கேன். தாய்மாமன்னு உங்க பேரைப் போட்டிருக்கேன். எடுக்கச் சொன்னா எடுத்துடறேன்.

என் போன லெட்டரைத் திருத்தியாவது அனுப்புங்க மாமா. சிவப்பு மை பாத்தாப் போதும்.

ஜெபி

*

பிளெய்ன்ஸ்பரோ
13 ஜூலை 2025

ஜெபினாவுக்கு,

மரிய அந்தோணி எழுதுவது. உடம்பு பரவாயில்லை.

உன் மேல் கோபமாக இருக்கிறேன். கோபத்தின் அளவைப் பெரிசாகச் சொல்லத் தெரியாதவன் இல்லை நான். சொல்லவில்லை.

என் தங்கை என்னைப் பற்றிச் சொன்னது சரிதான். நான் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் அவளை இன்னும் கொஞ்சம் மெலிய வைத்திருப்பேன். அது தெரிந்தும் எனக்கு ஆறவில்லை. ஐந்து நிமிஷம் போர்த்திவிட்டு மூடியிருக்கலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு போர்த்து என்று சொல்லியிருந்தாலும் போர்த்தியிருப்பேன்.

பாஸ்குவாலாவுக்குப் போன் செய்து, புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். தச்சரிடம் கேட்டுச் சொன்னார். எரிந்த மெழுகை மறுபடி மெழுகுவர்த்தி ஆக்க முடியாதாம். ஈஸ்டர் முடிந்து சாமி ஒரு மீன்காரர் வீட்டுக்குக் குடிபோய்விட்டாராம், புகார்கள் எல்லாம் கூடவே போய்விட்டனவாம். "வேறு வழியே இல்லையா?" என்றேன். "வராமப் போகப் போறது யாரு?" என்றார் பாஸ்குவாலா. நான்தான் என்றேன். "அப்ப என்கிட்ட ஏன் கேக்கறீங்க? உங்க காலைக் கேளுங்க," என்று வைத்துவிட்டார்.

மூன்று வருஷம் ஒரு எதிரியைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். காலையில் எழுந்ததும் அவனைத் திட்டினால்தான் எனக்குக் காபி இறங்கும். அவனையும் பறித்துக்கொண்டாய். அந்த இடத்தில் உன்னை வைத்துத் திட்டிப் பார்க்கிறேன். காபி இறங்கவில்லை.

நான் போட்ட சாபம் பலிக்க வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பலித்தால் சரிதான் என்று சில நாள் தோன்றுகிறது. நீயும் ஒரு முறை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்று பார்.

உன் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் திருத்தி அனுப்பவில்லை.

மரிய அந்தோணி

*

கேட்டி, டெக்சஸ்
17 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

ஜாக்சன் எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பள்ளியில் லீவ் லெட்டர் எழுதியதுதான் கடைசி.

ஜெபினா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். என் பேச்சை அவள் எப்போது கேட்டாள்?

அந்தப் பத்தொன்பதாம் மேஜை ஸ்பீக்கரிலிருந்து தூரம். அண்ணனுக்குச் சத்தம் ஆகாது, எந்த விசேஷம் என்றாலும் ஸ்பீக்கர் பக்கம் உட்கார வைக்காதீங்க என்று ஜோவானா சொல்லி வைத்திருந்தாள். கதவு இடிக்கும் என்று நான் யோசிக்கவில்லை. மன்னிக்கவும்.

என்னைத் திட்டுவதை நிறுத்த வேண்டாம் மச்சான். எனக்குப் பழகிவிட்டது. பிள்ளை கல்யாணத்துக்கு மட்டும் வாருங்கள். அவள் இப்போதே வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
ஜாக்சன்

*

கேட்டி, டெக்சஸ்
28 செப்டம்பர் 2025

மகா கனம் பொருந்திய மணமகள் ஜெபினாவுக்கு,

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி, அமெரிக்கக் கண்டத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, மூன்று பகல் பயணித்து, இடுப்பெலும்பைப் பெட்டியில் தனியாக மடித்து வைத்துக்கொண்டு வந்து சேர்ந்த உன் மாமன் எழுதுவது. மேலே இருக்கும் ஊர்ப் பெயரைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படி. ஆம். உன் அப்பன் வீட்டிலிருந்துதான். விமானத்தை நம்புவதாக இல்லை. சான் அன்டோனியோவில் எனக்கு இனி வேலை கிடையாது.

வியாழக்கிழமை மத்தியானம் மணி அடித்தேன். அவன்தான் திறந்தான். நரைத்துவிட்டான், ஜெபினா. நீ சொல்லவே இல்லையே.

"நேரமாயிடுச்சா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான். "இல்ல மச்சான்," என்றான். "பதினாறு நாள் இருக்கு."

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மூன்று வருஷம் தப்பான ஆளைத் திட்ட வைத்தவனை லேசில் விடுவேனா? அவன் சாய்வு நாற்காலியைக் கைப்பற்றிவிட்டேன். ரிமோட் என் இடுப்பில். தினம் இரண்டு வேளை மீன் குழம்பு வைக்கிறான், நான் உப்புப் பார்த்துக் குறை சொல்கிறேன். என் குறட்டையில் பக்கத்து வீட்டு நாய் ஊரைக் காலி செய்துவிட்டது. பதினாறு நாள் என்னை வைத்துச் சமாளிப்பதைவிடக் கொடூரமான தண்டனையை எந்தச் சுருட்டுச் சாமியும் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

உன்னையும் விடவில்லை. மண்டபத்துக்குப் போன் போட்டுப் பேசிவிட்டேன். மணமக்கள் மேஜை சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில். நம்பர் பத்தொன்பது. இடிபடு.

நேற்று காலை நாங்கள் இருவரும் கல்லறைக்குப் போனோம். சேலையைக் கொண்டுபோயிருந்தேன். பச்சை. மூன்று வருஷ மடிப்பு, விரித்தும் போகவில்லை. ஒரு முனையை நான் பிடித்தேன், இன்னொரு முனையை அவன் பிடித்தான். அவள் மேல் விரித்தோம். காற்று இருந்தது. நான்கு மூலையிலும் கல் வைத்தோம். கடைசியில் அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் அவனைக் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

சேலை ஐந்தரை மீட்டர். ஒரு சாண்கூடப் பெரிசாகச் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதினொன்றாம் தேதி காலை சர்ச்சுக்குள் நின்று யாரையும் தேடாதே. உன் கார் வந்து நிற்கும்போதே மாலையோடு வாசலில் நிற்பேன். என்னைத் தாண்டித்தான் நீ உள்ளே போக முடியும்.

பழி இன்னும் பாக்கியுள்ள,
உன் தாய்மாமன்